கப்பல்தள ஜெட் மாடல்கள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

எஃப்-14 டாம்கேட், எஃப்-4 ஃபாண்டம், சீ ஹாரியர் என்று விமானந்தாங்கிக் கப்பல்களில் பறந்த ஜெட்களைத்தான் பல வருஷமாகப் பிளாஸ்டிக் மாடல்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) எந்தக் கம்பெனியாக இருந்தாலும், அளவு 1/72 ஆனாலும் 1/48 ஆனாலும், திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் வருகின்றன. நண்பர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பும் படங்களிலும் அவையேதான். மாடலில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தேடிக்கொள்ளும்படி இங்கே எழுதிவைக்கிறேன்.

கோளாறு தெரியும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. டீகாலில் (தண்ணீரில் ஊறவைத்து மாடலில் ஒட்டும் மெல்லிய சின்னப் படலம்) தெரிவது பெயின்டில் பிறந்திருக்கும். பெயின்டில் தெரிவது உப்புத்தாள் போட்ட அன்றைக்கே பிறந்திருக்கும். அதனால் எதைக் கண்டாலும் முதலில் கையை எடுத்துவிட்டு ஓர் இரவு காயவிடுங்கள். ஈரப் பெயின்டைத் தொட்டுச் சரிசெய்யப் போய்த்தான் சின்னக் கோளாறு பெரிதாகிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழாகவே பார்த்து வாருங்கள்.

## டீகாலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுங்குகிறது

கடற்படை மாடல்களில் மனசு அதிகம் நோவது இதில்தான். காரணம், வால். அமெரிக்கக் கடற்படையின் விஎஃப்-84 ஜாலி ரோஜர்ஸ் பிரிவின் டாம்கேட்டில் கறுப்பு வாலின் மேல் வெள்ளை மண்டையோடு இருக்கும். கறுப்பில் கடுகளவு மினுங்கினாலும் அறையின் மறுகோடியிலிருந்து தெரியும்.

மேஜை விளக்கைத் தாழ்த்தி, மாடலைச் சாய்த்துப் பாருங்கள். ஈரமான இயர் பட்டால் ஒற்றும்போது மங்கினால் அது தண்ணீர் விட்டுப்போன உப்பு. ஒற்றியும் அசையாமல் இருந்தால் அடியில் காற்று.

உப்பு என்றால்: போர்வெல் தண்ணீரில் டீகால் ஊறவைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வருஷம் முழுக்க வரும். அதே தண்ணீரால் ஒற்றி எடுத்தால் கறை போய்விடும்.

காற்று, ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் என்றால்: ஊசியால் குத்தி, டீகாலை இளக்கும் திரவம் விடுங்கள். மிஸ்டர் மார்க் சாஃப்டர், மைக்ரோ சால் இரண்டில் எது கைவசம் இருந்தாலும் சரி. போன தடவை இடது வாலில், மண்டையோட்டின் தாடைக்குக் கீழே ஓர் அரிசி அளவுக்கு மினுங்கியது. இன்சுலின் ஊசி முனையால் ஏழெட்டுக் குத்து குத்தி, மெல்லிய பிரஷ் நுனியில் ஒரு சொட்டு வைத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு கறுப்புப் புள்ளி விரிந்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போயின. அதற்குள் டீகால் முழுக்கச் சுருங்கி, பாலாடை மாதிரி மடிப்பு விழுந்தது. புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பயந்துபோய் விரலால் நீவிவிடுவார்கள். தொடவே கூடாது, அது தானாகப் படிந்துவிடும். காலையில் ஓரத்தில் ஒரு நூல் அளவு மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு இன்னொரு சுற்று போதுமானதாக இருந்தது.

காற்று, பல டீகால்களில் என்றால்: மிச்ச டீகால்களை ஒட்டாதீர்கள். மேட் பெயின்டின் மேல் நேராக ஒட்டியதுதான் காரணம். 1980களில் வந்த மங்கலான சாம்பல் திட்டத்துக்கான எஃப்எஸ் 36320, எஃப்எஸ் 36375 பெயின்டுகள் (எஃப்எஸ் என்பது அமெரிக்க அரசின் நிற எண்) காய்ந்தால் பளபளப்பே இருக்காது. அந்தச் சொரசொரப்புக்குள் காற்று தங்கிவிடும். தாமியா எக்ஸ்-22 போன்ற கிளியரை (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) தின்னரில் நன்றாகக் கரைத்து மெல்லியதாக இரண்டு தடவை அடித்து, இரண்டு நாள் விட்டு மிச்சத்தை ஒட்டுங்கள். ஏற்கெனவே மினுங்குபவற்றில் ஊசி வைத்தியம் பலிக்காததை மாஸ்கிங் டேப்பால் உரித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி பெயின்ட் செய்வதுதான் வழி.

தண்ணீரில் போட்டதுமே துண்டு துண்டாக உடைந்தால்: டீகால் தாள் பழசு. அலமாரியில் பத்து வருஷம் இருந்த கிட்டைத் திறந்தால், தேவைப்படாத ஒரு டீகாலைப் போட்டுச் சோதித்துவிட்டே மற்றதைத் தொடுங்கள். உடைந்தால் மைக்ரோஸ்கேல் லிக்விட் டீகால் ஃபிலிமைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். அதற்குப் பிறகு மொத்தத் தாளும் ஒரே படலமாகிவிடும், ஆகவே ஒவ்வொரு டீகாலையும் விளிம்பை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். வெறுமனே மஞ்சளாகிப் போயிருந்தால் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள். மஞ்சள் நன்றாகவே வெளுக்கும்.

எப்போது வெளியே கொடுப்பது: தாள் மொத்தமும் போய், அந்தப் படைப்பிரிவுக்கு வேறு தாள் விற்பனையில் இல்லை என்றால். வெள்ளையைச் சாதாரண இங்க்ஜெட்டால் அச்சடிக்க முடியாது. ஜாலி ரோஜர்ஸின் மண்டையோடும் நம் கடற்படையின் ஐஎன்ஏஎஸ் 300 பிரிவின் வெள்ளைப் புலியும் வெள்ளை மை அடிக்கும் மெஷின் வைத்திருப்பவர் செய்ய வேண்டிய வேலை.

## வெள்ளை அடிவயிறு அசிங்கமாக வருகிறது

1950களின் நடுவில் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்கக் கடற்படை ஜெட்டுக்கு இதுதான் உடை: மேலே லைட் கல் கிரே (முதலில் பளபளப்பில்லாத எஃப்எஸ் 36440, பிற்பாடு பளபளக்கும் எஃப்எஸ் 16440), அடியில் பளபளக்கும் வெள்ளை எஃப்எஸ் 17875. இறக்கையின் மேல்பக்கத்திலும் அசையும் பகுதிகள் வெள்ளை. மாடல் கட்டுபவரைச் சோதிப்பதில் இந்த வெள்ளைக்கு நிகர் இல்லை. எப்படி அசிங்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

திட்டுத்திட்டாக, அடி நிறம் தெரிகிறது: கறுப்பு அல்லது அடர் சாம்பல் ப்ரைமரின் (அடிப்பூச்சு) மேல் அடித்திருக்கிறீர்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் பேனல் கோடுகள் (உடல் தகடுகளின் மூட்டைக் காட்டும் கீறல்கள்) அடைந்துபோகும். காயவைத்து, வெள்ளை ப்ரைமர் ஒரு தடவை, பிறகு மெல்லியதாக நாலைந்து தடவை வெள்ளை.

தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது: பெயின்ட் வழியிலேயே காய்ந்து தூளாக விழுந்திருக்கிறது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் கருவி) தூரமாக இருந்திருக்கும், அல்லது அழுத்தம் அதிகம். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டு, 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில், நாலு விரற்கடை தூரத்தில் மறுபடி அடியுங்கள். லாக்கர் (சீக்கிரம் காயும் பெயின்ட் வகை) என்றால் மிஸ்டர் லெவலிங் தின்னர் கலந்தால் காய்வது தாமதமாகி வழுவழுப்பாக உட்காரும்.

பால் ஊற்றினாற்போல் மேகம் படிந்திருக்கிறது: மேல்பக்கச் சாம்பலிலும் கிளியர் கோட்டிலும்தான் இது அதிகம் கண்ணில் படும். கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் அடித்தால் நிச்சயம் வரும். காற்றில் உள்ள ஈரம் காயும் பெயின்டில் படிந்துவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. மழை விட்ட ஒரு மதியத்தில், லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய பனிபோல ஒரு தடவை ஊதுங்கள். படலம் இளகி, ஈரம் வெளியேறி, மேகம் கலைவது கண்ணெதிரே தெரியும். கலையாவிட்டால் அதன் மேலேயே மறுபடி பெயின்ட். மழைக்காலத்தில் லாக்கர் வேலையை ஏசி ஓடும் அறைக்கு மாற்றுவேன், அல்லது அந்த வாரம் காக்பிட் வேலையோடு நிறுத்திக்கொள்வேன்.

வட்ட வட்டமாகப் புள்ளிகள், நடுவில் துப்பியது போல: கம்ப்ரசரிலிருந்து தண்ணீர் வருகிறது. பெயின்ட் ஊற்றாமல் வெறும் காற்றை ஒரு கண்ணாடியில் இரண்டு நிமிஷம் அடித்துப் பாருங்கள். துளி விழுந்தால் டாங்க்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் ஈரப்பொறியின் கிண்ணத்தையும் காலிசெய்யுங்கள். அப்படியும் வந்தால் ஏர்பிரஷ் அருகில் இன்னொரு சின்ன ஈரப்பொறி போட வேண்டும். டாங்க் துருப்பிடித்திருந்தாலோ, பாதுகாப்பு வால்வு கசிந்தாலோ, மோட்டார் அழுத்தம் ஏறியும் நிற்காவிட்டாலோ கம்ப்ரசர் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அழுத்தம் உள்ள டாங்க்கை வீட்டில் பிரிக்காதீர்கள்.

லாக்கர் அடித்த பிறகு தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் அதுவும் ஓர் அறிகுறிதான். உடனே வெளியே வாருங்கள். தூசிக்கான துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டரும் வெளியே இழுக்கும் ஃபேனும் வேண்டும்.

## மாஸ்கிங் டேப்போடு பெயின்ட் உரிந்து வருகிறது

எளிய காரணம் விரல் எண்ணெய். அடுத்தது, அச்சிலிருந்து பாகம் கழன்று வரப் பூசிய வழவழப்பு பாகங்களில் மிச்சமிருப்பது. பாகங்கள் கோத்திருக்கும் சட்டமான ஸ்ப்ரூவைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவிக் காயவைத்துத்தான் தொடங்க வேண்டும். சக்கரக் குழிக்குள் ஒரு துண்டு டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். அங்கேயும் உரிந்தால் மாடல் முழுக்கவே பிடிப்பு இல்லை, அக்ரிலிக்காக இருந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து ப்ரைமரிலிருந்து தொடங்குவதுதான் நேர்மையான வழி. அங்கே உரியவில்லை என்றால் உரிந்த ஓரத்தை மட்டும் 1500 நம்பரால் சரிவாகத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் அடியுங்கள். டேப்பை ஒட்டும் முன் கண்ணாடியில் இரண்டு தடவை ஒட்டி எடுத்து வீரியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது மேலே தூக்காமல், டேப்பைத் தன் மேலேயே மடித்து இழுங்கள்.

## மறைத்த மூட்டுக்கோடு மறுபடி எட்டிப்பார்க்கிறது

ஒட்டி, தேய்த்து, பெயின்ட் செய்து, கோடே இல்லை என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இரண்டு வாரம் கழித்து முதுகில் நூல் பிடித்தாற்போல் ஒரு பள்ளம். ஃபாண்டமின் முதுகு, மூக்கின் அடிப்பக்கம், எரிபொருள் டாங்குகள், டாம்கேட் சுமக்கும் ஃபீனிக்ஸ் ஏவுகணைகள், இவைதான் வழக்கமான இடங்கள்.

அவசரம்: பத்தில் எட்டு முறை இதுதான். சிமென்ட் என்கிற மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிறது, முழுக்க இறுகும்போது உள்வாங்குகிறது. ஒட்டிய மறுநாளே தேய்த்தால் பள்ளம் பிறகு வரும். இரு பாதிகளுக்கும் சிமென்ட் விட்டு, அழுத்தி, மூட்டில் மெல்லிய வரம்பு பிதுங்கி நிற்கட்டும். அதை ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுச் சீவினால் பட்டியே தேவைப்படாது. இதைப் பழகிக்கொண்டபின் இந்தக் கோளாறு என் மேஜையில் அரிதாகிவிட்டது.

பட்டி: ஆழமான இடைவெளியில் ஒரே தடவையாக அப்பினால் சுருங்கும். அங்கே சூப்பர் க்ளூவை நிரப்புங்கள். ஆனால் அதை ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நாளாக ஆக அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் பிளாஸ்டிக்கை மட்டுமே தின்னும்.

பாதிகள் ஒரே மட்டத்தில் இல்லை: நகத்தால் குறுக்கே வருடினால் தட்டும். பட்டியால் இது தீராது. பெயின்ட் போனாலும் பரவாயில்லை என்று உயரமான பக்கத்தைத் தேய்த்து இறக்கி, அழிந்த பேனல் கோட்டைக் கெட்டியான லேபிள் டேப்பை அளவுகோலாக ஒட்டிக் கீறுங்கள்.

எதைச் செய்தாலும் கடைசியில் மிஸ்டர் சர்ஃபேசர் 1000 ப்ரைமரை அடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்காமல் நிறத்துக்குப் போகாதீர்கள்.

காற்று உள்ளிழுக்கும் குழாயின் உள்ளே தெரியும் கோடு தனிக் கதை. விரல் நுழையாது. மூடுவதற்கு முன்பே கவனித்தால் குச்சியில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்கலாம். மூடியபின் என்றால், வெள்ளைப் பெயின்டைத் தாராளமாக உள்ளே ஊற்றி, மாடலைச் சுழற்றி, மிச்சத்தை வெளியே வடித்துவிடுவேன். இரண்டு மூன்று தடவையில் கோடு மூழ்கும். அதற்கும் மசியாவிட்டால் மூட்டில்லாத ரெசின் குழாய் வாங்கலாம். ஆனால் அதைப் பொருத்த உடலை உள்ளே அறுக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று மாடல்களில் அந்த வேலை வேண்டாம். கடற்படைக்காரர்களே நிறுத்திய விமானத்தின் வாயைச் சிவப்பு மூடியால் அடைப்பார்கள். அதைச் செய்து ஒட்டுவது அழகு, உண்மையும்கூட.

## சக்கரத்தில் ஒழுங்காக நிற்கவில்லை

பின்னால் சாய்ந்து வாலில் உட்காருகிறது: மூக்கில் எடை போதவில்லை. உடலை மூடுமுன் பாகங்களை டேப்பால் கட்டி, முக்கியச் சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலின் மேல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மூடியாகிவிட்டது என்றால் மூக்குக் கூம்பைக் கழற்ற முடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் மூக்குச் சக்கரக் குழியின் கூரையில் துளையிட்டுச் சின்னத் தூண்டில் குண்டுகளைச் செருகுங்கள்.

அந்த ஈயக் குண்டை மர வேலைக்கான வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். பசையோடு சேர்ந்து ஈயம் மெதுவாக வெள்ளைத் தூளாக மாறிப் பருக்கும். சில வருஷம் கழித்து மூக்கு தானாகப் பிளந்துகொள்ளும். எபாக்சி அல்லது சூப்பர் க்ளூதான் சரி. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

ஒரு பக்கம் சாய்கிறது: கால் காய்வதற்குள் கோணம் மாறியிருக்கிறது. கண்ணாடித் தட்டில் நிறுத்தி, இறக்கை நுனிகளின் உயரத்தை இருபுறமும் அளந்து பாருங்கள். மெல்லிய சிமென்டை மூட்டில் தொட்டால் இளகும். அப்போது திருத்தி, இருபுறமும் தீப்பெட்டிகளால் முட்டுக்கொடுத்து ஒரு நாள் விடுங்கள்.

சீ ஹாரியரில் ஏதோ ஒரு சக்கரம் தரையைத் தொடவில்லை: இந்த விமானத்தில் மூக்கில் ஒன்று, வயிற்றுக்கு நடுவில் ஓர் இரட்டைச் சக்கரம், இறக்கை நுனிப் பக்கம் ஆளுக்கொன்றாக மெல்லிய கால்கள். நான்கு புள்ளிகளும் ஒரே மட்டத்தில் வருவது சிரமம். பசை போடுமுன் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் செருகி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வருகிற சக்கரம் தொங்குகிறது. முதலில் மூக்கையும் நடுவையும் ஒட்டி நன்றாக இறுகவிட்டு, இறக்கைக் கால்களைக் கடைசியில் ஒட்டுங்கள். அவை நீளமாக இருந்தால் பொருந்தும் முனையில் துளித் துளியாகத் தேயுங்கள். குட்டையாக இருந்தால் அங்கே மெல்லிய பிளாஸ்டிக் தகடு வையுங்கள். சக்கரத்தைத் தேய்த்து உயரத்தைச் சரிக்கட்டுவது கண்ணில் உறுத்தும்.

கால் உடைந்துவிட்டது: பசை மட்டும் தாங்காது. இரு முனைகளிலும் கைத்துளைப்பானால் துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகிச் சூப்பர் க்ளூ. மூக்கில் எடை ஏற்றியதால் கால் வளைந்துகொண்டே போகிறது என்றால் உலோகக் கால் வாங்கும் செலவு நியாயமானது.

## கேனோபி மங்கிவிட்டது

கேனோபி என்பது விமானியின் மேலுள்ள கண்ணாடி மூடி. அதன் நடுவே ஓடும் மெல்லிய வரம்பு அச்சின் மூட்டு. பிளேடின் முதுகால் சீவி, 2000 நம்பரிலிருந்து படிப்படியாக ஏறி, பாலிஷ் காம்பவுண்டால் முடித்தால் மறையும்.

வெள்ளைப் புகை படிந்திருந்தால் அது சூப்பர் க்ளூவின் ஆவி. மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கிறது. எக்ஸ்-22 போன்ற கிளியரைப் பிரஷ்ஷால் பூசினால் ஈரம் பட்ட கணமே தெளியும். உள்பக்கம் என்றால் கழற்றித்தான் பூச வேண்டும். மரப்பசையில் ஒட்டியிருந்தால் தண்ணீரில் நனைத்து எடுத்துவிடலாம், கேனோபிக்கு அந்தப் பசையைச் சொல்வதே இதனால்தான்.

குறுக்கே விரிசல் ஓடிவிட்டால் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் தனி ஸ்ப்ரூவை விற்கின்றன. கிட்டின் எண்ணையும் பாகத்தின் எழுத்தையும் எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த கேனோபியையே அச்சாக வைத்துப் புதிது எடுத்துத் தரும் வாக்யூம் வேலைக்காரரை நாட வேண்டியதுதான்.

## டாம்கேட்டின் இறக்கை அசையவில்லை, அல்லது உரசுகிறது

இரண்டு இறக்கைகளும் பல்சக்கரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும் கிட்களில், அசையாததற்கு முதல் காரணம் இறக்கை சுழலும் அச்சுக்குள் கசிந்த சிமென்ட். முதல் நாளிலேயே கண்டால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து விடுவிக்கலாம். இறுகிப் போனபின் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பல் உடையும். அந்தக் கோணத்திலேயே விட்டுவிடுங்கள்.

உரசிப் பெயின்ட் கீறினால் இறக்கை நுழையும் பிளவின் உதட்டை உள்ளிருந்து தேய்த்து இடம் கொடுங்கள். என் பழக்கம், கோணத்தை முதலிலேயே முடிவுசெய்து நிலையாக ஒட்டிவிடுவது. பறக்கும்போது இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை பின்னுக்குப் போகும். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தட்டு) இறக்கிக் காட்ட விரும்பினால் முழுக்க விரித்த நிலைதான் பொருந்தும்.

## கோளாறு மாதிரி தெரியும், ஆனால் கோளாறு இல்லை

சரிசெய்யப் போய் உண்மையைக் கெடுத்த மாடல்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் தளத்தில் நிறுத்திய டாம்கேட்டின் இறக்கை 75 டிகிரிக்குப் போய் வால் தட்டின் மேல் படுத்திருக்கும். இடம் மிச்சம் பிடிக்க அப்படி. அதே விமானத்தில் ஒரு புகைபோக்கி திறந்தும் இன்னொன்று சுருங்கியும் இருப்பதைப் படங்களில் பார்க்கலாம். கிட்டில் இரண்டு விதமும் கொடுத்திருந்தால் பாகம் மாறிப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1980களுக்குப் பிந்தைய சாம்பல் ஜெட்களில் உப்புக்காற்று அரித்த இடங்களைக் கப்பலிலேயே தொட்டுத் தொட்டுப் பூசுவார்கள், திட்டுத்திட்டாக இருப்பது அதனால்தான்.

ஃபாண்டமின் வெளி இறக்கை 12 டிகிரி மேல்நோக்கியும், வால் தட்டு 23 டிகிரி கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். நண்பர் ஒருவர் பாகம் கோணிவிட்டது என்று நம்பி, ஒரே துண்டாக வந்த வால் தட்டை வெந்நீரில் முக்கி நிமிர்த்திவிட்டார். தபால் அட்டையில் 23 டிகிரி கோணத்தை வெட்டி எடுத்துக்கொண்டு இருவரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தோம். வெந்நீரில் பத்து விநாடி, கொஞ்சம் வளைப்பு, குளிர்ந்த தண்ணீர், அட்டையை வைத்துப் பார்ப்பது. வலது பக்கம் சீக்கிரம் படிந்தது. இடது பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியாமல் போனபோது மணி ஒன்பது.